எத்தனை அடி உயர்த்துவது?

2015 டிசம்பர் முதல் தேதி இரவு எங்கள் மடிப்பாக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது கழிவறை வழியாக. தெருவில் முழங்கால் அளவு நின்றிருந்தது. கேட்டுக்கு மணல் மூட்டை அடுக்கி, வாசற்படிக்குப் பழைய போர்வையைச் சுருட்டி அண்டை கொடுத்துவிட்டு, காவல்காரர்கள்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பின்கட்டிலிருந்து அம்மா கூப்பிட்டார். குளியலறை நானி ட்ராப் ஊற்றுக்கண்போலக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. வாசலில் நாங்கள் மறித்த அதே தெருத்தண்ணீர்தான், செப்டிக் டேங்கையும் சேம்பரையும் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்துவிட்டது. விடிவதற்குள் கூடத்தில் இடுப்பளவு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முழங்காலோடு நின்றது. இந்தமுறை யாரும் அதிர்ச்சி அடையவில்லை. முதல்முறை வந்தது விருந்தாளி. இரண்டாம் முறை வந்தது குடித்தனக்காரர். இனி இவரோடு இருந்து பழக வேண்டும், அல்லது வீட்டை விற்க வேண்டும். அப்பா கட்டிய வீடு, அம்மா விற்க விடமாட்டார். ஆகவே மராமத்து என்று முடிவானது.

மேஸ்திரி வந்தார். வீட்டைச் சுற்றி நடந்தார். தெருவில் நின்று வீட்டைப் பார்த்தார், வீட்டில் நின்று தெருவைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “எத்தனை அடி தூக்கணும்னு நீங்க சொல்லுங்க சார், நான் தூக்கிக் குடுக்கறேன்.”

ஒன்றரை வருடம் ஆயிற்று. மராமத்து வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் பதில் இல்லை. என்னிடம் மட்டுமல்ல, இந்த நகரத்தில் யாரிடமும் இல்லை என்பதுதான் என் புகார்.

வருவாய்த் துறைப் பதிவேட்டில் ‘நத்தம்’ என்று ஒரு சொல் உண்டு. ஊரார் வீடு கட்டிக்கொள்ளும் நிலம். பழைய ஊர்களில் நத்தம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள், பெரும்பாலும் மேட்டில் இருக்கும். ஏரி, ஏரிக்குக் கீழே நஞ்சை, ஒதுங்கினாற்போல் மேட்டில் நத்தம். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் நெல் நின்றது, மனிதர்கள் மேலே நின்றார்கள். சென்னையின் தென்புறத்தில் மனைப்பிரிவு போட்டவர்கள் நஞ்சையின் வரப்பை அழித்துக் கல் நட்டு விற்றார்கள். மாதச் சம்பளக்காரர்கள் வாங்கினார்கள். எங்கள் வீட்டுப் பத்திரத்திலும் நிலத்தின் வகை நஞ்சை என்றே இருக்கிறது. பத்திரம் பொய் சொல்லவில்லை. படித்தவர்கள்தான் அந்தச் சொல்லின் மேல் கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

இந்தப் பக்கத்துத் தண்ணீரின் வழி இன்றும் பழைய வழிதான். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரி, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல். 2022இல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற அந்தச் சதுப்புநிலம், குப்பைமேட்டுக்கும் சாலைக்கும் கட்டடங்களுக்கும் கொடுத்தது போக மிஞ்சியது. கீழே வாங்கிக்கொள்ள இடமில்லாதபோது தண்ணீர் மேலே எங்கள் தெருவில் காத்திருக்கிறது. நான்கு நாள், ஐந்து நாள்கூட.

அப்பா ஏமாளி இல்லை. 1986இல் தெருமட்டத்துக்கு மேல் இரண்டடி பேஸ்மட்டம் போட்டுத்தான் கட்டினார். நான்கு படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். பஞ்சாயத்து ஜல்லி போட்டது, தார் போட்டது, மறுபடி அதன்மேலேயே தார் போட்டது. 2011இல் மடிப்பாக்கம் மாநகராட்சிக்குள் வந்த பிறகும் போட்டார்கள். 2015 வெள்ளத்தன்று மிச்சமிருந்தது ஒரே ஒரு படி. அப்புறம் குழாய் பதிக்கத் தோண்டினார்கள், மூடினார்கள், மேலே இன்னொரு அடுக்கு. மராமத்துக்கு முன்பு தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு படி இறங்க வேண்டியிருந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெருதான் இரண்டரை அடி ஏறியிருக்கிறது.

இது அரசுக்குத் தெரியாததல்ல. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே அளவுக்குத்தான் புதுத் தார் போட வேண்டும், சாலைமட்டம் உயரக்கூடாது என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு துறைகளுக்கு எழுதினார். வீடுகள் பள்ளமாகிவிடுகின்றன என்ற காரணத்தையும் சொல்லியே எழுதினார். பெரிய சாலைகளில் அந்தச் சுரண்டும் இயந்திரத்தைப் பார்க்க முடிகிறது. எங்கள் தெருபோன்ற உட்தெருக்களில் அது நுழைந்து நான் பார்த்ததில்லை.

ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையை நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். பயணிகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, இருந்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததாலேயே அது யாருக்கும் தெரியாமல் மாறிவிட முடியாது. ஒரு தெருவுக்கு அப்படி ஒரு எண் இல்லை. இருந்தால், மேஸ்திரி கேட்ட அன்றே நான் பதில் சொல்லியிருப்பேன்.

எண் இல்லாத ஊரில் அவரவர் கண்மதிப்புக்குத் தூக்கிக்கொள்கிறோம். தூக்குவது என்றால் இரண்டு வகை. ஒன்று, வீட்டையே தூக்குவது. 2015க்குப் பிறகு சென்னையில் இது தொழிலாகவே நடக்கிறது. ஹரியாணா பக்கத்திலிருந்து வரும் குழுக்களுக்கு இதில் பெயர். சுவரின் அடியில் செங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்து, இரும்புச் சட்டம் செருகி, அதற்குக் கீழே வரிசையாக நூற்றுக்கணக்கில் ஜாக்கி வைக்கிறார்கள். எல்லா ஜாக்கியையும் ஒரே அளவு, ஒரே நேரத்தில், மில்லிமீட்டர் கணக்கில் திருப்புகிறார்கள். வீடு ஏற ஏற அடியில் கட்டுமானம் எழும்புகிறது. மூன்றடிக்கு மாதக்கணக்கில் ஆகும். பார்க்க அதிசயமாகத்தான் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைத் தூக்கியபோது நானும் தினமும் போய் நின்றேன், கோயில் தேர் பார்ப்பதுபோல.

எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்து வந்தோம். சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துச் செங்கல் இடுக்கில் சுரண்டினார். சாந்து மாவாகக் கொட்டியது. “தூக்கலாம். ஆனா எனக்குத் தூக்கம் வராது” என்றார். சுவரே பாரம் தாங்கும் பழைய வீடுகளில் கடைக்கால் என்ன நிலையில் இருக்கிறது, அடிமண் களியா மணலா, சாந்தில் உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஜாக்கி வைப்பது சூதாட்டம். இதற்கு ஆகும் செலவில் பரிசோதனைச் செலவு கறிவேப்பிலை அளவுதான். அதைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம்.

இரண்டாவது வகை, தளத்தை மட்டும் உயர்த்துவது. கேட்கச் சுலபம்: கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, மேலே கான்கிரீட், டைல்ஸ். ஆனால் கூரை உயராது. பத்தடிக் கூரையில் இரண்டடி மண் போட்டால் எட்டடி அறை. ஏழடியில் இருந்த லிண்டல் ஐந்தடிக்கு வந்துவிடும். குனிந்துதான் அறைக்குள் போக வேண்டும், அல்லது எல்லா வாசலையும் இடித்து மேலே ஏற்ற வேண்டும். ஜன்னல் கட்டை முழங்காலுக்கு வரும், குழந்தை எட்டி விழும். மின்விசிறி கையில் இடிக்கும். சமையல் மேடை, கழிவறைக் கோப்பை, குழாய் எல்லாம் புதிது. கொட்டிய மண்ணை அரையடி அரையடியாக இடித்து இறுக்காமல் ஒரே நாளில் நிரப்பிவிட்டால், இரண்டு வருடத்தில் தளம் உள்வாங்கும். நாங்கள் ஒன்றே காலடிதான் உயர்த்தினோம். அதற்குமேல் வீடு வீடாக இருக்காது என்று தோன்றியது. எத்தனை அடி என்ற கேள்விக்கு நாங்கள் கண்டுபிடித்த பதில் அவ்வளவுதான். வெள்ளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கூரை அனுமதித்தது.

ஒன்றே காலடிக்கு மேலே தண்ணீர் வந்தால்? வரட்டும் என்பதுதான் மிச்ச மராமத்தின் அடிப்படை. இதை ஏற்றுக்கொள்ள எனக்கே பல மாதம் ஆயிற்று. ஒரு சொட்டு உள்ளே வரக்கூடாது, சுற்றுச்சுவரைக் கோட்டையாக்கிவிடலாம் என்றுதான் எல்லோரையும்போல் நானும் ஆரம்பித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கும். வெளியே ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்று உள்ளே காய்ந்திருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 500 கிலோ பக்கவாட்டில் தள்ளும். பத்தடி நீளச் சுவர் மேல் ஒன்றரை டன்: ஒரு கார் சாய்ந்துகொண்டிருப்பதுபோல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைச் சுமக்கக் கட்டியது, பக்கத்திலிருந்து வரும் தள்ளலைத் தாங்க அல்ல. அமெரிக்காவின் பேரிடர் முகமையான ஃபெமாகூட, சாதாரண வீடுகளில் மூன்றடிக்கு மேல் தண்ணீரை வெளியே நிறுத்தப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறது. அதற்குமேல் வந்தால் உள்ளே விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் சுவர் பிழைக்கும். (இதெல்லாம் நிற்கிற தண்ணீருக்கு. 2015இல் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டபோது அடையாற்றின் கரையில் ஓடியது வேறு தண்ணீர். ஆற்றின் வழியில் இருக்கும் வீட்டுக்கு மராமத்து யோசனை சொல்வது யோக்கியமாகாது.)

உள்ளே வரும் என்று ஒப்புக்கொண்டபின் வீட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. 2015 வெள்ளம் வடிந்தபின் எங்கள் வீட்டில் பிழைத்தவை எவை என்று யோசித்தேன். அப்பா போட்ட கடப்பாக்கல் அலமாரி: கழுவிவிட்டதும் புதிதுபோல் ஆயிற்று. காவித் தரை: சேற்றைத் தள்ளித் துடைத்ததும் பளபளத்தது. தேக்கு நிலை கொஞ்சம் உப்பிப் பிறகு தணிந்தது. நான் ஆசைப்பட்டு, தவணையில் போட்ட மாடுலர் கிச்சன்? அடிப் பெட்டிகள் மூன்றே நாளில் பிரிட்டானியா ரஸ்க்கைக் காபியில் போட்டதுபோல் ஆகிவிட்டன. பிளைவுட் கதவு, மேல்பூச்சு போட்ட மரத்துகள் பலகை, சுவரில் தடவிய பட்டி எல்லாம் அதே கதி. நாற்பது வருடத்துக்கு முந்திய பொருள்கள் தண்ணீரைத் தெரிந்தவை. நாம் பிறகு கொண்டுவந்து சேர்த்தவை ஏசி அறையைத் தவிர வேறு உலகம் தெரியாதவை.

ஆகவே இம்முறை சமையலறையின் கீழ்ப்பாதி மறுபடியும் கடப்பாக்கல். கீழ்த்தளத்தில் நாலடி உயரம் வரை சுவருக்கு டைல்ஸ் ஒட்டலாம் என்றார் மேஸ்திரி, இன்ஜினீயர் தடுத்துவிட்டார். பழைய செங்கல் சுவர் தண்ணீரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் மெல்ல மூச்சாக விட வேண்டும். டைல்ஸ் ஒட்டி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, மேலே ஏறி, உப்புப் பூக்கும். கீழே மெல்லிய பூச்சு, மேலே சுண்ணாம்பு. நோய்வாய்ப்பட்டவருக்குப் பத்தியச் சாப்பாடுபோல இருக்கிறது என்று உறவினர்கள் குறைபட்டார்கள். 2015இல் தண்ணீர் வடிந்த மூன்றாவது வாரமே, பொங்கலுக்குள் வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று டிஸ்டெம்பர் அடித்தோம். மாசி பிறப்பதற்குள் அது அப்பளமாக உரிந்து விழுந்த காட்சி எனக்கு மறக்கவில்லை.

மின்சாரத்தில்தான் உயிர் இருக்கிறது. ஈபி மீட்டரும் மெயினும் வாசலில் மூன்றடியில் இருந்தன, ஆறடிக்கு ஏற்றினோம். வயர்கள் தரையடியில் ஓடாமல் கூரையிலிருந்து இறங்குகின்றன. ஸ்விட்ச் பெட்டிகள் நாலரை அடியில். கீழ்த்தளத்துக்குத் தனி இணைப்பு, கசிவு வந்தால் வெட்டிவிடும் ட்ரிப்பர். மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கீழே அணைத்துவிட முடியும். இன்வர்ட்டர் பேட்டரி படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போய்விட்டது. மொத்த மராமத்தில் இதற்குத்தான் குறைந்த செலவு. வேறு எதற்கும் பணமில்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்துவிட வேண்டும்.

கழிவறைக்கு வருவோம், அங்கிருந்துதானே எல்லாம் தொடங்கியது. கடைசிச் சேம்பருக்கு அப்பால் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று வைத்திருக்கிறோம். போகும் தண்ணீரை விடும், திரும்பி வருவதை அடைக்கும். ஒரு முடிக்கற்றையோ துணியோ சிக்கினால் வாய் மூடாது. வருடா வருடம் புரட்டாசியில் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். இன்னொன்றை விற்பவர் சொல்லவில்லை: அது மூடிக்கொண்ட நேரத்தில் நம் கழிவும் வெளியே போகாது. ஆகையால் வெள்ளத்தன்று கழிவறையைப் பயன்படுத்த முடியாது. தண்ணீரைத் தடுப்பதும் வெள்ளத்தில் குடியிருப்பதும் ஒன்றல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

சம்ப்புக்கும் இதே பாடம். வாயை இரண்டடி உயர்த்தி இறுக்கமான மூடி போட்டோம். மழை அறிவிப்பு வந்தால், சாக்கடை கலந்துவிடுமே என்று பலர் சம்ப்பைக் காலி செய்து வைக்கிறார்கள். அது தப்பு. நிலத்தடி நீர்மட்டம் ஏறும்போது காலித்தொட்டி படகு. மிதந்து கிளம்பப் பார்க்கும், தரை வெடிக்கும். நிரப்பி வைத்தால் தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவும் செய்து முடித்தபின் ஒருநாள் எதிர்வீட்டு அம்மாள் கேட்டார்: “உங்க வீட்டுல ஏத்திட்டீங்க, இனிமே எங்க வீட்டுக்குத்தானே வரும்?” எங்கள் சுற்றுச்சுவருக்குள் மண்போட்டு உயர்த்திய இடத்தில் முன்பு நின்ற தண்ணீர் எங்கே போகும் என்று நான் யோசித்திருக்கவில்லை. ஒரு வீட்டின் அளவில் அது பெரிய கணக்கில்லை. தெருவில் இருபது வீடு உயர்ந்து மூன்று வீடு கீழே நின்றால் அந்த மூன்றும் குளம். அந்த மூன்றில் வீட்டுக்காரர் மாடியிலும் வாடகைக்கு இருப்பவர் தரையிலும் இருப்பார்கள். வாடகைக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியவர். ஸ்விட்ச் பெட்டியை எப்படி ஏற்றுவார்? தெருவோடு போட்டி போட்டு வீடு உயர்வதும், வீட்டோடு போட்டி போட்டு அண்டை வீடு உயர்வதும் முடிவில்லாத ஏலம். ஏலத்தில் கேட்க வசதி இல்லாதவர் தண்ணீரை எடுத்துக்கொள்கிறார்.

அரசு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பழைய வீடு, புதிய வீடு என்று பார்க்கவில்லை. கெடு வைத்தார்கள், வீடு வீடாக வந்து பார்த்தார்கள், குடிநீர் இணைப்பு போய்விடும் என்று பயந்து ஜனங்கள் குழாய் பதித்தார்கள். குறைகள் உண்டு, கணக்குக்குப் பதித்தவையும் உண்டு. ஆனாலும் லட்சக்கணக்கான பழைய வீடுகளின் உடம்பையே ஒரு மாநிலம் மாற்றிக் காட்டியது. மழையைப் பிடித்து வைக்க வீட்டை மாற்றச் சொன்ன அதே அரசு, மழையிலிருந்து பிழைக்க வீட்டை மாற்ற ஏன் ஒரு வார்த்தை சொல்வதில்லை?

சொல்வது நிவாரணம் மட்டும்தான். 2015இல் வெள்ளம் புகுந்த வீட்டுக்கு 5,000 ரூபாய், குடிசைக்கு 10,000. மிக்ஜாமுக்கு 6,000. வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வாரத்தில் அந்தப் பணம் பல குடும்பங்களுக்கு அரிசி. ஆனால் அது நனைந்த பிறகு வரும் பணம். நனைவதற்கு முன்னால், மீட்டரை ஏற்றவும் வால்வு வைக்கவும் வட்டி குறைந்த ஒரு கடன், ஈபி அலுவலகத்தில் கட்டணமில்லாமல் மீட்டரை இடம் மாற்றித் தரும் ஒரு உத்தரவு, வார்டுக்கு ஒரு இன்ஜினீயர், இவை இருந்தால் போதும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு இருக்கிறது, வெள்ளமும் அதில் அடக்கம். கார் காப்பீட்டை ஒருநாள் தவறவிடாத எங்கள் தெருவில் அதை எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தேன். ஒருவர். அதுவும் வங்கி வற்புறுத்தியதால்.

பெரிய வேலைகள் நடக்கத்தான் செய்கின்றன. ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வெ.திருப்புகழ் தலைமையிலான குழு 2021இல் அமைக்கப்பட்டு, 2023இல் தன் இறுதி அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தது. மழைநீர் வடிகால்கள் ஊரெங்கும் கட்டப்படுகின்றன. நான் கேட்பது அதைவிட மிகச் சின்னது, செலவே இல்லாதது. ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு கல். அதில் மூன்று எண்: கடல்மட்டத்திலிருந்து இந்தத் தெரு எத்தனை மீட்டர், 2015இல் தண்ணீர் எதுவரை, 2023இல் எதுவரை. தெருவின் எண்ணை எந்த ஒப்பந்தக்காரரும் தாண்டக்கூடாது. தாண்டினால் பில் பாஸாகக் கூடாது. அந்தக் கல் இருந்தால் வீடு வாங்குபவர் பார்ப்பார், கடன் கொடுக்கும் வங்கி பார்க்கும், வாடகைக்கு வருபவரும் பார்ப்பார். மனை விலை இறங்கிவிடும் என்று கல் நடவிடாமல் முதலில் தடுப்பவர்கள் வீட்டுக்காரர்களாகிய நாங்களாகத்தான் இருப்போம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கல் வரும்வரை, நானே கேட் தூணில் ஒரு இரும்பு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். மராமத்து முடிந்த அன்று ஆணியிலிருந்து தெருமட்டம் சரியாக நாலடி. சென்ற மாதம் காலையில் லாரி வந்து நின்றது, தெருவில் ஜல்லி கொட்டினார்கள். அம்மா தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். மேற்பார்வை பார்த்த இளைஞரிடம், “ஏம்பா, பழசைச் சுரண்டிட்டுத்தானே போடுவீங்க?” என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “மிஷின் மெயின் ரோட்டுல இருக்கும்மா. இங்க ரெண்டு இஞ்சுதான் ஏறும்.”

இப்போது மூன்றடி பத்து அங்குலம்.